அணு ராக்கெட்டை எங்கே வைத்து இயக்கிப் பார்ப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அணுசக்தியால் உந்தப்படும் விண்கலங்கள் செவ்வாய்ப் பயணத்தைச் சில வாரங்களாகச் சுருக்கிவிடும் என்ற பொருளில், தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். பல ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இத்தகைய பொருளுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியமைக்கு நன்றி தெரிவித்துக்கொள்கிறேன். ஆனால், பொதுமக்களின் அச்சமும் அரசுகளின் கஞ்சத்தனமும் மட்டுமே இந்தத் தொழில்நுட்பத்தை முடக்கி வைத்திருக்கின்றன என்ற எண்ணத்தைக் கட்டுரை வாசகர் மனத்தில் விதைத்துவிடுகிறது. அது சரியல்ல என்பதே இக்கடிதத்தை எழுதக் காரணம். உண்மையான முட்டுக்கட்டை வேறொன்று: அத்தகைய எஞ்சினைத் தரையில் பாதுகாப்பாக ஓட்டிப் பார்க்க இடமில்லை. அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. கட்டுரை ‘அணு விண்கலம்’ என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு சாதனங்களைச் சேர்த்துக் கட்டியிருக்கிறது. 1977இல் புறப்பட்ட வாயேஜர் கலங்களில் இருப்பது அணு உலை அன்று. புளூட்டோனியம்-238 தானாகச் சிதையும்போது வெளிப்படும் வெப்பத்தை மின்சாரமாக்கும் ஒரு மின்கலம் அது. அதன் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், 87.7 ஆண்டுகள் என்பதால்தான் அக்கலங்கள் இத்தனை காலமாகப் பேசிக்கொண்டிருக்கின்றன. அது கலத்தின் கருவிகளுக்கு உயிர் கொடுக்கிறதே தவிர, கலத்தை உந்துவதில்லை. உந்துவதற்கு அணுவைப் பயன்படுத்தும் வழிகள் வேறு. அணு உலையின் சூட்டை நேரடியாக ஹைட்ரஜனுக்கு ஏற்றி, அந்த வாயுவைப் பின்புறம் பீய்ச்சுவது ஒன்று. அணு உலையால் மின்சாரம் எடுத்து, அதைக் கொண்டு மின்னேற்றம் பெற்ற அணுக்களைப் பீய்ச்சும் அயனி உந்துபொறிகளை இயக்குவது மற்றொன்று. அணுக்கரு இணைவால் ஓடும் கலத்தைப் பற்றியும் கட்டுரை உற்சாகமாகப் பேசுகிறது. தரையிலேயே இணைவு உலை மின்சாரம் வழங்கத் தொடங்காத நிலையில் அதைத் தனியாக ஒதுக்கி வைத்துவிடலாம்.

முதல் வழியின் கவர்ச்சி எங்கிருந்து வருகிறது என்பதைப் பலரும் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள். அணு உலை அதிக வெப்பம் தருவதால்தான் ராக்கெட் வேகமாகப் போகிறது என்று நினைப்பது இயல்பு. உண்மை அதற்கு நேர்மாறானது. திரவ ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எரிக்கும் சாதாரண ராக்கெட்டின் எரியறையில் 3,300 கெல்வினுக்கும் மேற்பட்ட வெப்பநிலை இருக்கும். அணு உலையிலோ எரிபொருள் தண்டுகள் உருகாமல் இருக்க வேண்டுமே என்ற கவலையால் வாயுவை ஏறத்தாழ 2,500 முதல் 2,700 கெல்வின் வரைதான் சூடாக்க முடியும். இருந்தும் அணு ராக்கெட் வெல்வதற்குக் காரணம், அது வெளியேற்றும் பொருளின் லேசான தன்மை. எரிக்கும் ராக்கெட்டின் பின்புறம் பெரும்பாலும் 18 மூலக்கூறு எடை கொண்ட நீராவி வெளியேறுகிறது. அணு ராக்கெட்டில் எதுவும் எரியாததால் 2 மட்டுமே எடையுள்ள ஹைட்ரஜன் அப்படியே வெளியேறுகிறது. முந்தையதில் வாயு நொடிக்கு ஏறத்தாழ 4.4 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்தால், பிந்தையதில் அது கிட்டத்தட்ட இரு மடங்காகிறது.

இந்த இரு மடங்கு எவ்வளவு பெரிய லாபம் என்பதை 1903இல் ரஷ்ய அறிஞர் சியோல்கோவ்ஸ்கி வெளியிட்ட ராக்கெட் சமன்பாட்டைக் கொண்டு எவரும் கணக்கிட்டுப் பார்க்கலாம். நூறு டன் எடையை நொடிக்கு 6 கிலோமீட்டர் கூடுதல் வேகத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எரிக்கும் ராக்கெட்டுக்கு ஏறக்குறைய 290 டன் உந்துபொருள் வேண்டும். அணு ராக்கெட்டுக்கு 97 டன் போதும். மூன்றில் ஒரு பங்கு! கட்டுரையாளர் இந்த இடத்தில் நின்றுவிட்டார். கணக்கை இன்னும் ஓர் அடி நகர்த்தியிருந்தால் வேறொரு காட்சி தெரிந்திருக்கும். திரவ ஹைட்ரஜன் மிக லேசானது. ஒரு கன மீட்டரில் 71 கிலோ மட்டுமே அடங்கும். எனவே அந்த 97 டன்னை அடைக்க ஏறத்தாழ 1,370 கன மீட்டர் கொள்ளளவுள்ள தொட்டி வேண்டும். எரிக்கும் ராக்கெட்டின் 290 டன்னில் பெரும்பகுதி கனமான ஆக்சிஜன் என்பதால், அதற்கு 800 கன மீட்டரே போதும். எடை குறைந்தது, தொட்டி பெருத்தது. போதாக்குறைக்கு, சுழியத்துக்குக் கீழே 253 டிகிரியில் மட்டுமே திரவமாக இருக்கும் அந்த ஹைட்ரஜனை மாதக்கணக்கில் ஆவியாகாமல் காக்க வேண்டும். அதுவும் பக்கத்திலேயே ஓர் அணு உலையை வைத்துக்கொண்டு. உலையை நிறுத்திய பிறகும் அதன் சூடு உடனே தணியாது என்பதால், அதைக் குளிர்விப்பதற்கென்றே கொஞ்சம் ஹைட்ரஜனைத் தொடர்ந்து செலவிட வேண்டியிருக்கும் என்பதும் விளம்பரப் படங்களில் தெரியாத ஒரு சங்கதி.

இவையெல்லாம் கடினமானவை, ஆனால் கடக்க முடியாதவை அல்ல. அதற்கு வரலாறே சாட்சி. 1955இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் தொடங்கிய ரோவர் திட்டமும், அதிலிருந்து வளர்ந்த நெர்வா எஞ்சின் திட்டமும், நெவாடா பாலைவனத்தின் ஜாக்கஸ் ஃபிளாட்ஸ் என்ற இடத்தில் ஏறத்தாழ இருபது ராக்கெட் உலைகளை உண்மையாகவே இயக்கிப் பார்த்தன. 1959 ஜூலையில் கிவி என்று பெயரிட்ட வரிசையின் முதல் உலை ஓடியது. 1968 ஜூனில் ஃபீபஸ்-2ஏ என்ற உலை 4,000 மெகாவாட்டுக்கும் அதிகமான வெப்ப ஆற்றலைப் பன்னிரண்டு நிமிடங்களுக்கு மேல் வெளியிட்டது. இன்றைய பெரிய மின் உலை ஒன்றின் வெப்ப ஆற்றலோடு ஒப்பிடத்தக்க அளவு அது. 1969இல் எக்ஸ்-இ என்ற முழு எஞ்சின் 28 முறை நிறுத்தி நிறுத்தி மீண்டும் இயக்கப்பட்டது. இத்தனைக்கும் பிறகு, செவ்வாய்க்கு மனிதரை அனுப்பும் திட்டமே கைவிடப்பட்ட சூழலில், 1973 ஜனவரியில் இந்த முயற்சிக்கு மூடுவிழா நடந்தது. எஞ்சின் ஓடவில்லை என்பதற்காக அல்ல. போக ஊர் இல்லாததால் வண்டியை நிறுத்தினார்கள்.

அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் எனக்கு முக்கியமாகப்படுவது வெற்றிகள் அல்ல, உடைந்த உலைகள்தான். 1962 நவம்பரில் கிவி பி-4ஏ உலையை இயக்கியபோது, பின்பக்கக் கூம்பு வழியாகத் தீப்பொறிகள் பறந்தன. உலையின் உட்பகுதியே நொறுங்கித் துண்டு துண்டாக வெளியே வந்துகொண்டிருந்தது. பொறியாளர்கள் அதை நிறுத்தி, கதிர்வீச்சுக் கவசமிட்ட குட்டி ரயிலில் ஏற்றி, தொலைவிலிருந்து இயக்கும் இயந்திரக் கைகள் கொண்ட கட்டடத்துக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்தார்கள். பிறகு யுரேனியம் இல்லாத போலித் தண்டுகளை வைத்து வெறும் வாயுவைச் செலுத்திச் சோதித்தபோது, குற்றவாளி அணு அல்ல, பாய்ந்தோடும் ஹைட்ரஜன் உண்டாக்கிய அதிர்வுதான் என்பது தெரிய வந்தது. வடிவமைப்பை மாற்றினார்கள், 1964இல் அந்தக் குறை தீர்ந்தது. 1965 ஜூனில் இன்னோர் உலை நன்றாக ஓடி முடிக்கும் தறுவாயில், தொட்டியில் ஹைட்ரஜன் தீர்ந்துபோனது தெரியாமல் அளவுகாட்டி ஏமாற்றிவிட்டது. குளிர்விக்க ஒன்றுமில்லாமல் உலை வெந்துபோயிற்று. கடும் கதிர்வீச்சில் ஓர் அளவுகாட்டியை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற பாடத்தை எந்தக் கணிப்பொறியும் அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. உடைத்துத்தான் கற்றார்கள்.

இப்போது நான் முதலில் குறிப்பிட்ட முட்டுக்கட்டைக்கு வருகிறேன். அந்த உலைகளெல்லாம் திறந்த வானத்தில் ஓடின. சூடான ஹைட்ரஜன் கிராஃபைட் தண்டுகளை அரித்து, யுரேனியம் பிளவதால் உண்டாகும் கதிரியக்கப் பிளவுப் பொருள்களின் சிறு பகுதியைத் தன்னோடு எடுத்துக்கொண்டு பாலைவனக் காற்றில் கலந்தது. 1965 ஜனவரியில், ஏவும்போது மிக மோசமான விபத்து நேர்ந்தால் என்ன ஆகும் என்று அறிவதற்காக, ஓர் உலையை வேண்டுமென்றே அதன் கட்டுப்பாட்டை மீறவிட்டு வெடிக்கச் செய்தும் பார்த்தார்கள். இன்று எந்த நாட்டின் சட்டமும் மனச்சான்றும் இதை அனுமதிக்குமா என்பது ஐயமே. அனுமதிக்கக் கூடாது என்பது என் கருத்து. அப்படியானால், வெளியேறும் வாயுவை முழுவதும் பிடித்து, குளிர்வித்து, வடிகட்டி, பாதுகாப்பாக எரித்துவிடும் ஒரு மூடிய சோதனை மேடை வேண்டும். இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1972இல் நியூக்ளியர் ஃபர்னஸ் என்ற சிறிய உலையை வாயுச் சுத்திகரிப்பு அமைப்போடு இணைத்து வெற்றிகரமாக ஓட்டினார்கள். ஆனால் அதன் ஆற்றல் 44 மெகாவாட். பயனுள்ள ஓர் எஞ்சினுக்கு அதைப் போலப் பத்து மடங்காவது வேண்டும். அந்த அளவில் ஒரு மேடை இன்று உலகில் எங்கும் இயங்கவில்லை. எஞ்சினைக் கட்டுவதைவிட மேடையைக் கட்டுவது கடினமானதாகவும் செலவு மிக்கதாகவும் இருக்கக்கூடும் என்பதே இத்துறையின் கசப்பான நகைச்சுவை.

இந்தச் சிக்கலைத் தாண்டிக் குதிக்க முயன்றதுதான் டிராக்கோ திட்டம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்ப்பா அமைப்பும் நாசாவும் 2023 ஜனவரியில் கைகோத்து, 2027க்குள் ஓர் அணு வெப்ப எஞ்சினை விண்வெளியில் இயக்கிக் காட்டப்போவதாக அறிவித்தன. அதே ஆண்டு ஜூலையில் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்துக்கு 49.9 கோடி டாலர் மதிப்பில் ஒப்பந்தமும் வழங்கப்பட்டது. தரையில் முழு ஆற்றலில் ஓட்டிப் பார்க்காமல், முதல் ஓட்டத்தையே உயரமான சுற்றுப்பாதையில் நடத்துவது என்பது அவர்களுடைய உத்தி. கேட்பதற்குச் சாமர்த்தியமாகத் தெரியும். ஆனால் கிவி உலையைப்போல் ஒன்று அங்கே நொறுங்கினால், அதைப் பிரித்துப் பார்க்கக் குட்டி ரயிலும் இயந்திரக் கைகளும் அங்கே ஏது? தொலைவிலிருந்து வரும் சில அளவீடுகளை வைத்துக்கொண்டு ஊகிக்க வேண்டியதுதான். 2025இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஏவும் செலவு வேகமாகக் குறைந்துவருவதால் இவ்வளவு பாடுபட்டு உந்துபொருளை மிச்சப்படுத்தும் தேவை குறைந்துவிட்டது என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. இந்தக் காரணத்தை எளிதில் ஒதுக்க முடியாது. சுற்றுப்பாதையில் எரிபொருள் நிரப்பும் நுட்பம் கைகூடினால், 97 டன்னுக்கும் 290 டன்னுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூடுதலாகச் சில ராக்கெட்டுகளை ஏவியே ஈடுகட்டிவிடலாம் என்று ஒருவர் வாதிட்டால், அவரை மடக்குவது கடினம்.

அணு ராக்கெட்டின் ஆதரவாளர்கள் அப்போது பயண வேகத்தையும் விண்வெளி வீரர்களின் உடல்நலத்தையும் முன்வைப்பார்கள். தங்கள் கட்டுரையும் அப்படியே செய்தது. கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்க்குப் போகும் வழியில் அதிலிருந்த கருவி அளந்த கதிர்வீச்சு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.8 மில்லிசீவர்ட். போக ஆறு மாதம், வர ஆறு மாதம் என்றால் மொத்தம் சுமார் 650 மில்லிசீவர்ட் சேரும். ஒவ்வொரு வழியிலும் இரண்டு மாதம் குறைத்தால் இருநூறுக்கும் சற்று அதிகமாக மிச்சமாகும். இது நல்ல ஆதாயமே. ஆனால் பூமியும் செவ்வாயும் பயணத்துக்கு ஏற்ற நிலையில் அமைவது 26 மாதங்களுக்கு ஒரு முறைதான் என்பதால், விரைவாகப் போய்ச் சேர்ந்தவர்கள் திரும்பும் வேளை வரும்வரை செவ்வாயின் தரையிலேயே காத்திருக்க வேண்டும். அங்கும் கதிர்வீச்சு உண்டு, குறைவாக இருந்தாலும். சில வாரங்கள் மட்டும் தங்கிவிட்டு உடனே திரும்பும் பயணத்துக்குத்தான் அணு ராக்கெட்டின் கூடுதல் வேகம் உண்மையிலேயே இன்றியமையாததாகிறது. ‘பாதிக் காலத்தில் செவ்வாய்’ என்ற கட்டுரைத் தலைப்பு இந்த நுணுக்கத்தை விழுங்கிவிட்டது.

இரண்டாவது வழியான அணு மின் உந்துதலைக் கட்டுரை நான்கு வரிகளில் கடந்துவிட்டது. எனக்கு அதிக நம்பிக்கை அளிப்பது அதுதான். அயனி எஞ்சின் புதிதன்று. சிறுகோள் பட்டையை ஆராய்ந்த டான் விண்கலம் சூரிய மின்சாரத்தைக் கொண்டே செனான் அயனிகளை நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் பீய்ச்சிப் பல ஆண்டுகள் ஓடியது. அதன் உந்துவிசை இரண்டு தாள்களின் எடையைத் தாண்டாது என்றாலும், ஓயாமல் உந்தும் சிறு விசை காலப்போக்கில் பெரும் வேகமாகிவிடும். சிக்கல் என்னவென்றால், வியாழனின் தொலைவில் சூரிய ஒளி பூமியில் இருப்பதைப்போல் 27இல் ஒரு பங்காகவும், சனியின் தொலைவில் 90இல் ஒரு பங்காகவும் சுருங்கிவிடுகிறது. அங்கே நிறைய மின்சாரம் வேண்டுமானால் அணு உலையைத் தவிர வேறு வழி தெரியவில்லை. இதில் வாயு உலைக்குள் புகுந்து வெளியேறுவதில்லை. மூடிய உலையைத் தரையில் வைத்து ஆண்டுக்கணக்கில் ஓட்டிப் பார்க்கலாம். 2017 நவம்பருக்கும் 2018 மார்ச்சுக்கும் இடையே நெவாடாவில் கிரஸ்டி என்ற சிறிய விண்வெளி உலையை அப்படித்தான் சோதித்தார்கள். இறுதிக் கட்டத்தில் அது 28 மணி நேரம் தொடர்ந்து ஓடியது. சோதனை மேடை என்ற முட்டுக்கட்டை இங்கே பெரும்பாலும் விலகிவிடுகிறது.

இதற்கும் ஒரு விலை உண்டு: கழிவு வெப்பம். ஒரு மெகாவாட் மின்சாரம் எடுக்க நான்கு மெகாவாட் வெப்பம் உண்டாக்கினால், மீதி மூன்றையும் விண்வெளியில் கதிர்வீச்சாக மட்டுமே கொட்ட முடியும். காற்றும் நீரும் அங்கே இல்லை. வெப்பம் வெளியேற்றும் தகடுகள் 500 கெல்வினில் இருந்தால் ஏறத்தாழ 850 சதுர மீட்டர் பரப்பு வேண்டும். 800 கெல்வினுக்கு உயர்த்தினால் 130 சதுர மீட்டரில் காரியம் முடிந்துவிடும். அணு மின் விண்கலத்தின் எதிர்காலம் உலையைவிட, இத்தனை சூட்டைத் தாங்கி ஆண்டுக்கணக்கில் உழைக்கும் குழாய்களிலும் விசையாழிகளிலும்தான் அடங்கியிருக்கிறது. அமெரிக்கா விண்வெளியில் இயக்கிய ஒரே அணு உலையான ஸ்னாப்-10ஏ, 1965 ஏப்ரலில் ஏவப்பட்டு, சுமார் 30 கிலோவாட் வெப்பத்திலிருந்து 500 வாட்டுக்குச் சற்று அதிகமான மின்சாரம் தந்து, 43 நாள்களில் நின்றுபோனது. அதற்குக் காரணமும் உலை அன்று. கலத்தின் மின்னழுத்தச் சீராக்கி.

மக்களின் அச்சத்தைக் கட்டுரை ‘மூடத்தனம்’ என்று சாடியிருப்பது எனக்கு வருத்தம் அளித்தது. அச்சத்துக்கு அடிப்படை இருக்கிறது. 1964இல் புளூட்டோனியம் மின்கலம் கொண்ட ஓர் அமெரிக்கச் செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை எட்டாமல் வளிமண்டலத்தில் எரிந்து, அதன் புளூட்டோனியம் காற்றில் பரவியது. 1978 ஜனவரியில், அணு உலை பொருத்தப்பட்ட சோவியத் உளவுக்கோளான காஸ்மோஸ் 954 கனடாவின் வடமேற்குப் பகுதியில் விழுந்து, கதிரியக்கத் துண்டுகளைப் பனிவெளியெங்கும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குச் சிதறியது. கனடா அறுபது லட்சம் டாலர் கேட்டு, முப்பது லட்சம் பெற்றது. இந்த அனுபவங்களிலிருந்துதான் ஐ.நா. பொதுச்சபை 1992இல் ஏற்ற நெறிமுறைகள் பிறந்தன. அவற்றின்படி, உரிய சுற்றுப்பாதையையோ கோள்களுக்கு இடையேயான பாதையையோ அடையும் முன் எந்த உலையையும் இயக்கத் தொடங்கக் கூடாது. இந்த ஒரு விதியின் பலன் பெரிது. இயக்கப்படாத உலையில் இருப்பது 70 கோடி ஆண்டு அரை ஆயுள் கொண்ட யுரேனியம்-235. அதன் கதிரியக்கம் மிகக் குறைவு. ஏவும்போது ராக்கெட் வெடித்தாலும், வாயேஜர் வகைப் புளூட்டோனிய மின்கலத்தைவிட அது ஆபத்து குறைந்தது. அஞ்ச வேண்டியது, ஓடிக் களைத்துப் பிளவுப் பொருள்கள் நிறைந்த உலை மீண்டும் பூமிக்கு வருவதைத்தான். இந்த வேறுபாட்டை எடுத்துச் சொன்னால் வாசகர்கள் புரிந்துகொள்வார்கள். திட்டினால் புரிந்துகொள்ள மாட்டார்கள்.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். 2025 ஆகஸ்டில், நிலவில் வைப்பதற்காக நூறு கிலோவாட் உலை ஒன்றை 2030ஐ ஒட்டிய காலத்துக்குள் ஆயத்தம் செய்யும்படி நாசாவில் உத்தரவு பிறந்தது. இதைப் போன்ற அறிவிப்புகள் இனியும் வந்துகொண்டே இருக்கும். அவற்றை வெளியிடும்போது, ஏவும் தேதியை மட்டும் கொட்டை எழுத்தில் போடாமல், அந்த உலையை அல்லது எஞ்சினை எங்கே, எத்தனை மணி நேரம், எந்த ஆற்றலில் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள், அல்லது ஓட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்பதையும் தங்கள் செய்தியாளர்கள் கேட்டுப் பக்கத்தில் ஒரு வரியாவது எழுத வேண்டும். பதில் கிடைக்கவில்லையென்றால், அதையும் அப்படியே அச்சிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்